கம்பு ஒருத்தருது, கை ஒருத்தருது

ஏ பேராண்டி, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. பஸ்சு வர இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. ஒங்க ஆச்சி முறுக்கையும் கருப்பட்டி மிட்டாயையும் பொட்டலம் கட்டி முடிக்கிறதுக்குள்ள நான் நாலு வார்த்த சொல்லிப்புடுதேன். வார்சாவுல சட்டம் படிக்கிற பயலுக்கு, முப்பத்திரெண்டு வருசம் தலையாரியா இருந்து எல்லைக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சவன் புத்தி சொல்லலாமான்னு ஒங்க அப்பன் கேக்கான். ஏன் சொல்லக்கூடாது? நீ படிக்கிறதும் எல்லைக்கல் தகராறுதானே. அங்கன கல்லு கொஞ்சம் பெருசு, ஆபீசு கொஞ்சம் குளுரு. வேற என்ன வித்தியாசம்?

பத்து நாளா சாயங்காலம் ஆனா அந்தக் கத்தையைத் தமிழ்ப்படுத்தி எனக்கு வாசிச்ச. ஐரோப்பிய எல்லை மற்றும் கடலோரக் காவல் படைக்கான சட்டம், 2019-ம் வருசம், 1896-ம் நம்பர், 124 பிரிவு. பாரதக் கதை கேக்குற மாதிரித்தான் கேட்டேன். பாரதத்துலயாவது யாரு சூதாடுனான், யாரு சேலையை உருவுனான்னு பேரு சொல்லி இருக்கு. இதுல தப்பு நடந்தா அது யாரு தலையில விடியும்ன்னு கடைசிப் பிரிவு வரைக்கும் முழிச்சுக்கிட்டு இருந்தேன். விடியவே இல்ல. தூங்கிப்போனதா நீ நெனச்ச. நான் கண்ண மூடிக்கிட்டு அந்த வக்கீலுகளக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

அந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆத்துக் கதைதான். லக்சம்பர்க் நாட்டுல ஷெங்கன்னு ஒரு குட்டி ஊரு. திராட்சைத் தோட்டம், ஒயின், ஓரமா மோசல் ஆறு. 1985 ஜூன் 14 அன்னைக்கு அஞ்சு நாட்டு ஆளுக, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்சு, அப்ப இருந்த மேற்கு ஜெர்மனி, 'பிரின்சஸ் மரி ஆஸ்ட்ரிட்'ன்னு ஒரு கப்பல்ல உக்காந்து, நமக்குள்ள இருக்குற வேலியைப் பிடுங்கிப்புடுவோம்ன்னு கையெழுத்துப் போட்டாக. தரையில எடமா இல்ல? இருக்கு. ஆனா மூணு நாட்டு எல்லை முட்டுற எடம் அந்த ஆத்துக்குள்ளதான் வருது. அதுலயும் ஒரு கூத்து கேளு. லக்சம்பர்க்குக்கும் ஜெர்மனிக்கும் நடுவுல ஓடுற அந்த ஆத்துக்கு நடுக்கோடு கெடையாது. முழு ஆறும் ரெண்டு பேருக்கும் சொந்தம். இருநூறு வருசத்துக்கு முந்திப் போட்ட ஒப்பந்தம், இன்னைக்கும் அப்படியே நிக்கி. நம்ம பத்திரத்துல இதப் 'பொதுப் பாத்தியம்'ன்னு எழுதுவோம். எழுதுன கையோட வக்கீல் பீசையும் எடுத்துத் தனியா முடிஞ்சு வச்சிரணும்.

தண்ணியில மெதந்துக்கிட்டே, பொதுப் பாத்தியத்துல நின்னு போட்ட கையெழுத்துப்பா அது. அதுக்குப் பொறவு நடந்த அத்தன கூத்துக்கும் ராசி அங்கனயே எழுதியாச்சு.

ஏன்னு சொல்லுதேன். அஞ்சு அண்ணன் தம்பி சேந்து நடுவரப்ப வெட்டி ஒரே காடா ஆக்கிட்டாகன்னு வையி. உள்ள சோலி முடிஞ்சது. கெழக்கு ஓரத்து வேலி இருக்குல்ல, அது இனிமே கடைசித் தம்பி வேலியா, அஞ்சு பேரு வேலியா? ஆடு அங்கன பூந்தா மேக்கால இருக்குற மூத்தவன் பயிரும்தான் போகும். அதனால மூத்தவன் என்ன சொல்லுவான்? 'தம்பி, வேலியப் பத்திரமாப் பாத்துக்க, நான் ஆளு அனுப்புதேன்'ம்பான். தம்பி என்ன சொல்லுவான்? 'ஆளு அனுப்பு, காசும் அனுப்பு, ஆனா என் பிஞ்சையில வந்து அதிகாரம் பண்ணாத'ம்பான். அவ்வளவுதான்யா ஒன் 124 பிரிவும். மிச்சமெல்லாம் முத்திரைத்தாள்.

இன்னைக்கு அந்தக் காட்டுல 29 பங்காளி. பல்கேரியாவும் ருமேனியாவும் தரை எல்லையையும் சேத்து முழுசா உள்ள வந்தது 2025 ஜனவரி 1-ம் தேதி. ஐரோப்பிய ஒன்றியத்துல இல்லாமலே இந்தக் காட்டுக்குள்ள இருக்காக நார்வே, ஐஸ்லாந்து, சுவிஸ், லிக்டன்ஸ்டைன். ஒன்றியத்துல இருந்துக்கிட்டே இதுக்குள்ள வராம இருக்கு அயர்லாந்து. கல்யாணத்துக்கு வராம மொய் மட்டும் எழுதுறவன், பந்தியில மட்டும் உக்காருறவன், நம்ம சாதி சனத்துல இல்லையா, அந்த மாதிரி. சுவிஸ்காரன் ஒருத்தன்தான் இதுல ஒழுங்கானவன்னு சொல்லுவேன். 'இந்தக் காவலுக்கு நம்ம பங்குக் காசக் கூட்டிக் குடுக்கலாமா'ன்னு 2022 மே மாசம் சனங்ககிட்டயே ஓட்டுக் கேட்டுட்டான். நூத்துக்கு எழுவத்தொண்ணு சொச்சம் பேரு குடுக்கலாம்ன்னாக. வரி வாங்குறதுக்கு முந்திக் கேட்ட சர்க்கார நான் என் சர்வீசுல பாத்ததில்ல.

காவக்காரனப் பெத்தது 2004 அக்டோபர் 26. வச்ச பேரு 'உறுப்பு நாடுகளின் வெளி எல்லைகளில் செயல்பாட்டு ஒத்துழைப்பை மேலாண்மை செய்யும் முகமை'. பிள்ளைக்குப் பேரு வைக்கச் சொன்னா பிராது எழுதி வச்சிருக்காக. 'வெளி எல்லைகள்'ங்கிறதுக்கு உண்டான பிரெஞ்சு வார்த்தையச் சுருக்கி ஃப்ரான்டெக்ஸ்ன்னு கூப்பிட்டாக. 2005-ல தொட்டில் கட்டுனப்ப வருசத்துக்கு ஏறக்கொறைய 60 லட்சம் யூரோ. 2023-ல 84 கோடி யூரோவத் தாண்டிட்டு. புள்ள வளந்த வேகம் அப்படி. 2007-ல அவசரப் படை, 2011-ல அடிப்படை உரிமை அலுவலர், 2015-ல சனம் லட்சக்கணக்குல வந்து எறங்கவும் 2016-ல புதுச் சட்டம், அதுவும் பத்தாதுன்னு 2019-ல இந்தக் கத்தை. வீட்ட எத்தன தடவ இடிச்சுக் கட்டுனாலும் ஒரு சன்னல் மட்டும் எல்லாத் தடவையும் அதே எடத்துல இருக்கு. பின்பக்கச் சன்னல். எறங்கிப் போறதுக்கு.

அந்தச் சன்னலுக்குப் பேருதான் ஏழாம் பிரிவு. 'பகிர்ந்த பொறுப்பு'. எல்லையக் காக்குற முதன்மைப் பொறுப்பு அந்தந்த நாட்டுது. அத முகமையும் நாடும் சேந்து நிறைவேத்தும். முகமை தான் 'தனியாகப் பொறுப்பேற்ற' காரியத்துக்கு முழுசாப் பதில் சொல்லும். தனியா எதையாவது செய்யுதான்னு கேட்டேன். நீ தலையச் சொறிஞ்ச. கழுவுற மீன்ல நழுவுற மீனாட்டம் ஒரு வாக்கியம்யா அது. எழுதுனவன் கையிக்குக் காப்புப் போடலாம்.

சரி, காவக்காரன் எப்படி இருக்கான்? 2027-க்குள்ள 10,000 பேரு நிரந்தரப் படை. அதுல 3,000 பேரு முகமையோட சொந்தச் சம்பளக்காரங்க, மிச்சப் பேரு நாடுங்க அனுப்புற ஆளுக, நீண்ட காலத்துக்கு 1,500 பேரு, குறுகிய காலத்துக்கு 5,500 பேருன்னு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குன்னே மொத மொதல்ல ஒரு காக்கிச்சட்டை, அங்கன நீலச்சட்டை, 2021 ஜனவரியில தச்சு மாட்டுனாக. நீ ஆசைப்படாத, ஒனக்கு அந்த வேல கெடையாது. அவுக நாட்டுக் குடியா இருக்கணும். ஒனக்கு அந்தச் சட்டையப் பாக்குற பாக்கியம் மட்டும் உண்டு, அதுவும் பாஸ்போர்ட்ட நீட்டிக்கிட்டு.

ஒரு போர்ச்சுகல் போலீஸ்காரன் கிரேக்கத் தீவுக்கு அந்தப் படையில போறான்னு வச்சுக்குவோம். நீ சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லுதேன், தப்பா இருந்தா திருத்து. அவனுக்கு உத்தரவு போடுறது கிரேக்க அதிகாரி. முகமையோட ஒருங்கிணைப்பு அலுவலர் பக்கத்துல நின்னு 'அபிப்பிராயம்' சொல்லலாம். கிரேக்கத்தான் அத 'இயன்ற அளவு' கேப்பான். அந்தப் போர்ச்சுகல்காரன் ஒழுங்குமீறுனா நடவடிக்கை எடுக்குறது போர்ச்சுகல். துப்பாக்கிய எடுக்கணும்னா சொந்த நாடும் சம்மதிக்கணும், போன நாடும் சம்மதிக்கணும். அவன் குத்தம் பண்ணாலோ, அவன் மேல யாராவது கை வச்சாலோ, கிரேக்க அதிகாரி கணக்கா வச்சு விசாரிப்பாக. அவனால யாருக்காவது நட்டம் வந்தா மொதல்ல கிரேக்கம் குடுக்கணும். வேணும்னே பண்ணான், படு அசட்டையாப் பண்ணான்னு தெரிஞ்சா கிரேக்கம் போர்ச்சுகல்லப் பாத்துக் கையேந்தலாம். கைப்பட்டையில மட்டும் ஒன்றியத்துக் கொடி. இவ்வளவையும் ஒரே ஆளு ஒடம்புல கட்டி அனுப்புதாகளே, அவன் ராத்திரி எந்த நாட்டுக் கனவு காணுவான்?

நீ சிரிக்க. எனக்குச் சிரிப்பு வரல, ஏன்னா இதே கூத்த நான் பாத்திருக்கேன். நீ பெறக்குறதுக்கு ரொம்ப முந்தி. மூணு ஊருக்காரங்க காடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்த எடத்துல, கடலை பிடுங்குற காலத்துல பொதுக் காவலுக்கு ஒருத்தனப் போட்டாக. ஒரு ஊரு கூலி குடுத்தது, மரக்காக் கணக்குல கம்பு. ஒரு ஊரு பேட்டரி லைட்டு குடுத்தது. ஒரு ஊரு தடிக்கம்பு குடுத்தது, நல்ல உசிலங்கம்பு, பூண் போட்டது. ஒரு ராத்திரி ஆடு தேடி வந்த பயலக் கள்ளன்னு நெனச்சு அடிச்சதுல முழங்கால் போச்சு. பஞ்சாயத்து கூடுச்சு. கம்பு குடுத்த ஊரு, 'கம்பு எங்களுது, கை எங்களுதா'ன்னது. லைட்டு குடுத்த ஊரு, 'நாங்க வெளிச்சந்தான் குடுத்தோம்'ன்னது. கூலி குடுத்த ஊரு, 'பாக்கத்தான் கூலி குடுத்தோம், அடிக்கக் குடுக்கல'ன்னது. காவக்காரன், 'மூணு ஊரும் சொல்லித்தானய்யா வந்தேன்'னான். விடிய விடியப் பேசி முடிவுல என்ன எழுதுனாக தெரியுமா? அந்தப் பய ராத்திரியில அங்கன வந்திருக்கக் கூடாதுன்னு எழுதுனாக. அத எழுதுனது நான்தான். எனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்கும்.

அதனாலதான் லக்சம்பர்க்ல இருக்குற ஒன்றியத்துக் கோர்ட்டுத் தீர்ப்ப நீ வாசிச்சப்ப நான் வெத்தலையக் கீழ போட்டேன். சிரியாவுல இருந்து ஒரு குடும்பம், தாய் தகப்பன் நாலு புள்ளைக. 2016 அக்டோபர்ல கிரேக்கத் தீவுக்கு வந்து, எங்களுக்கு அடைக்கலம் வேணும்ன்னு சொன்னாக. பதினோரு நாள்ல ஏரோப்பிளேன்ல ஏத்தித் துருக்கியில கொண்டுபோயி எறக்கியாச்சு. கிரேக்கமும் ஃப்ரான்டெக்ஸும் சேந்து நடத்துன பயணம். அவுக ஃப்ரான்டெக்ஸ் மேல நட்டஈடு கேட்டுப் போனாக. 2023 செப்டம்பர் 6-ல பொது நீதிமன்றம் என்ன சொன்னது? திருப்பி அனுப்புறதா வேண்டாமான்னு முடிவெடுக்குறது நாடு. அடைக்கல மனுவப் பாக்குறதும் நாடு. ஃப்ரான்டெக்ஸ் தொழில்நுட்ப உதவியும் ஒருங்கிணைப்பும் மட்டும் செஞ்சது. ஆகவே அதோட நடத்தைக்கும் இவுக நட்டத்துக்கும் நேரடிச் சங்கிலி இல்ல. பொறவு துருக்கிய விட்டு ஈராக்குக்குப் போன செலவு அவுகளா எடுத்த முடிவுன்னும் சொல்லியாச்சு. 'ராத்திரியில அங்கன வந்திருக்கக் கூடாது.' லக்சம்பர்க்குலயும் கையெழுத்து நல்லா இருக்குற ஆளு ஒருத்தர் இருப்பாரு போல. அந்தக் குடும்பம் அதோட விடல, மேல்முறையீட்டுக்குப் போனாக. நம்ம ஆட்டுப் பயலுக்கு மேல ஒரு கோர்ட்டு இருக்குன்னே தெரியாது.

இதுல ஒனக்கு முத பாடம், பேராண்டி. நாளைக்கு நீ எதுக்காவது சட்டம் எழுதுனா 'ஒருங்கிணைப்பு'ங்கிற வார்த்தைய மட்டும் விட்டுறாத. 'அடி'ன்னு எழுதாத, 'அடிக்கும் செயல்பாட்டுக்குத் தொழில்நுட்ப ஆதரவு'ன்னு எழுது. ஒங்க ஆச்சிகூட அப்படித்தான், ஒங்க அப்பனுக்கும் எனக்கும் சண்ட மூட்டி விட்டுட்டு அடுப்படிக்குப் போயிருவா. ஒருங்கிணைப்பு.

ஸ்ட்ராஸ்பர்க்ல ஒரு மனித உரிமைக் கோர்ட்டு இருக்கே, அங்க போகலாமேன்னு நான் கேட்டேன். நல்ல கோர்ட்டுதான். இத்தாலிக்காரன் 2009-ல நடுக்கடல்ல புடிச்ச சோமாலியா, எரித்ரியா சனங்கள லிபியாவுல திருப்பி விட்டதுக்கு, 2012 பிப்ரவரியில 'கடல்லயும் உரிமைச் சட்டம் செல்லும்'ன்னு சொல்லி ஆளுக்கு 15,000 யூரோ கட்ட வச்சது. 2008-ல நம்ம ஈழத்துப் புள்ள ஒருத்தன இலங்கைக்குத் திருப்பி அனுப்பினா சித்திரவதைக்குத்தான் அனுப்புறதாகும்ன்னு சொல்லிப் பிரிட்டனத் தடுத்ததும் அந்தக் கோர்ட்டுதான். சாகக் குடுக்குற எடத்துக்குத் துரத்தாதங்கிற ஒத்தச் சட்டம், 1951 ஜெனீவா ஒப்பந்தத்துலயும் இருக்கு, ஃப்ரான்டெக்ஸ் சட்டத்துலயும் இருக்கு. ஆனா ஸ்ட்ராஸ்பர்க்குக்கு நாடுகளத்தான் கூப்பிட முடியும். ஒன்றியம் அந்த ஒப்பந்தத்துல சேரவே இல்ல. சேரப் போட்ட வரைவ 2014 டிசம்பர்ல லக்சம்பர்க் கோர்ட்டே 'இது நம்ம சட்டத்துக்கு ஒத்துவராது'ன்னு திருப்பிட்டு. ஆக, கிரேக்கத்தக் கூப்பிடலாம், இத்தாலியக் கூப்பிடலாம், ஒருங்கிணைப்பக் கூப்பிட முடியாது. பெரிய கோயில் வாசல்ல செருப்பக் கழத்தச் சொல்லுறது எல்லாருக்கும்தான், சாமி மட்டும் செருப்போட நிக்கலாம்.

சட்டத்துல நல்லது ஒண்ணுமே இல்லையான்னு நீ கோவிச்சுக்கிட்ட. இருக்குதப்பா. 46-ம் பிரிவு தங்கமான பிரிவு. ஒரு நாட்டுல அடிப்படை உரிமை மீறல் பெருசா நடக்குது, இல்ல தொடர்ந்து நடக்கும் போல இருக்குன்னு டைரக்டர் நெனச்சா, காச நிறுத்தணும், இல்லாட்டி ஆளக் கெளப்பிட்டு வந்துறணும். 'செய்யலாம்' இல்ல, 'செய்யணும்'. என்ன, டைரக்டர் 'நெனச்சா'. அந்த ஒத்த வார்த்தையில மாடு கட்டலாம். டைரக்டரப் போடுறது யாரு? மேலாண்மைக் குழு. அதுல நாட்டுக்கு ஒரு ஆளு, ஐரோப்பியக் கமிஷன்ல இருந்து ரெண்டு ஆளு. கிரேக்கத்துல தப்புன்னு சொல்லணும்னா, கிரேக்கத்து ஆளும் உக்காந்திருக்குற சபைக்குப் பதில் சொல்லுற மனுசன் சொல்லணும். சம்பந்தி வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்லுற தைரியம் எத்தன பேருக்கு வரும்?

ஹங்கேரியில வந்தது. 2020 டிசம்பர்ல லக்சம்பர்க் கோர்ட்டு அவுக திருப்பித் துரத்துறது சட்டவிரோதம்ன்னு சொல்லியும் அவுக நிறுத்தல, அடுத்த மாசம் ஃப்ரான்டெக்ஸ் அங்கன வேலைய நிறுத்துச்சு. கிரேக்கத்தப் பத்தி 2025 ஜனவரியில ஸ்ட்ராஸ்பர்க், எவ்ரோஸ் ஆத்துல ஆளுகளத் திருப்பித் துரத்துறது ஒரு வழக்கமாவே நடந்திருக்குன்னு எழுதியே குடுத்துச்சு. அங்கன நடையக் கட்டலையே. மாமியா ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடம்.

அதுலயும் அந்த ஏரோப்பிளேன் சேதிதான் எனக்கு ராத்திரிக்கு ராத்திரி நெனவு வருது. ஊழல் தடுப்பு ஆபீசு ஓலாஃப் விசாரிச்சு எழுதுன அறிக்கை. 2020-ல ஏஜியன் கடல் மேல சுத்திக்கிட்டு இருந்த கண்காணிப்புப் பிளேன வேற எடத்துக்கு மாத்துனதுக்கு ஒரு காரணம், அங்கன நடக்குறது கண்ணுல படாம இருக்கத்தான்னு எழுதியிருக்காக. ஏன்யா, நானும் காவக்காரந்தான். தோட்டத்துக்காரன் மகன் தேங்கா பறிக்கிறப்ப அந்தப் பக்கம் போகாம வேப்பமரத்தடியில பீடி குடிச்சவன்தான். ஆனா அதுக்குப் பெட்ரோல் போட்டு ரெக்கை கட்டிப் பறந்து போகல. டைரக்டர் ஃபாப்ரிஸ் லெஜேரி 2022 ஏப்ரல் கடைசியில ராஜினாமா. அந்த அக்டோபர்ல ஐரோப்பியப் பாராளுமன்றம் 2020-ம் வருசக் கணக்கப் பைசல் பண்ண மாட்டேன்னுட்டு. எங்க ஜமாபந்தியில கணக்கு இடிச்சா கர்ணத்துக்குக் காய்ச்சல் வந்துரும். அங்கன டைரக்டருக்கு என்ன வந்தது? 2024-ல பிரான்சுல தேர்தல்ல நின்னு, கணக்கத் திருப்பி அனுப்புன அதே பாராளுமன்றத்துக்கு மெம்பரா வந்து உக்காந்துட்டாரு. இதுக்கு நம்ம ஊர்ல பேரு இருக்கு, சொன்னா ஒங்க ஆச்சி வைவா.

42-ம் பிரிவு இன்னொரு வேடிக்கை. ஒரு நாட்டு வேலி ரொம்ப மோசமாக் கெடந்து மொத்தக் காட்டுக்கும் ஆபத்துன்னா, மந்திரிமாரு சபை 'ஃப்ரான்டெக்ஸ் இன்னின்ன செய்யட்டும்'ன்னு முடிவெடுக்கலாம். அந்த நாடு முப்பது நாள்ல ஒத்துழைக்கலன்னா? மத்த பங்காளிக தங்களுக்கு நடுவுல பழையபடி வரப்பப் போட்டுக்கிறதுக்கு வழி தெறக்கும். அதாவது, வேலிய ஒழுங்காக் கட்டலன்னா ஒன்ன ஊரோட சேக்க மாட்டோம். ஆனா அவன் பிஞ்சைக்குள்ள அவன் சம்மதமில்லாம ஒரு காவக்காரனும் கால் வைக்க முடியாது. தேசப் பாதுகாப்பு அந்தந்த நாட்டோட தனிப் பொறுப்புன்னு மூல ஒப்பந்தத்துலயே ஆணி அடிச்சு வச்சிருக்காக. அதக் குத்தம் சொல்ல மாட்டேன். எல்லைக்கல்ல நகத்துனா அண்ணன் தம்பியே அரிவாளத் தேடுறான், அவுக ரெண்டு உலகப் போரு பாத்த ஆளுக. ஒரு நாட்டுப் போலீசு இன்னொரு நாட்டு மண்ணுல நிக்கிறதுக்கே அவுக தொண்டையில எத்தன முள்ளு இருந்திருக்கும்! இவ்வளவாவது பேசி எழுதுனாகளேன்னு ஒரு பக்கம் மெச்சத்தான் செய்யுதேன். மெச்சிக்கிட்டே பின்பக்கச் சன்னலையும் காட்டுதேன், அவ்வளவுதான்.

கண்காணிக்க ஆளு போட்டதையும் சொல்லிப்புடணும். 110-ம் பிரிவு, அடிப்படை உரிமைக் கண்காணிப்பாளர் கொறஞ்சது 40 பேரு, 2020 டிசம்பர் 5-ம் தேதிக்குள்ள. தேதி வந்துச்சு. 40 பேரு வரல. பொறவு வந்தாக, இப்ப இருக்காக, எழுதுதாக. புகாருக்கும் 111-ம் பிரிவுல வழி இருக்கு. நேரடியாப் பாதிக்கப்பட்ட ஆளோ அவரு சார்பா ஒருத்தரோ எழுத்துல குடுக்கணும். அடிப்படை உரிமை அலுவலர் வாங்கிப் பாத்து, முகமை ஆளு மேலன்னா டைரக்டர்கிட்டயும், நாடு அனுப்புன ஆளு மேலன்னா அந்த நாட்டுக்கும் அனுப்புவாரு. ராத்திரி இருட்டுல, முகமூடி போட்டவன் ரப்பர் போட்டோட தள்ளி விட்டவன், கரையேறி, சட்டையப் பிழிஞ்சு காயப்போட்டு, ஃபாரத்த எடுத்து, 'எதிரி எந்த நாட்டவர், என்ன பதவி'ன்னு நெரப்பணும். பேனாவையும் போட்லயே வச்சுக் குடுத்திருக்கலாம்.

கடல் சட்டம்ன்னு தனியா ஒண்ணு வாசிச்சியே, 2014-ம் வருசம், 656-ம் நம்பர். அத நான் கிண்டல் பண்ண மாட்டேன். மந்திரிமாரு சபை 2010-ல பாராளுமன்றத்தக் கேக்காம போட்ட கடல் விதிய 2012-ல கோர்ட்டு அடிச்சுப்போட்டு, அதுக்குப் பொறவு ஒழுங்கா எழுதுனது. புடிச்ச ஆள வேற நாட்டுல எறக்குறதுக்கு முந்தி அவரு யாரு, என்ன நெலமைன்னு கேக்கணும், எங்க கொண்டு போறோம்ன்னு சொல்லணும். ஆபத்துல இருக்குற எந்தக் கப்பலுக்கும் உதவி செய்யணும். மிதக்குமா, மூழ்குமா, எத்தன பேரு, கொழந்தைக இருக்கா, தண்ணி இருக்கான்னு எதையெல்லாம் பாக்கணும்ன்னு வரிசையா எழுதியிருக்காக. கடல்ல போறவன் எழுதுன மாதிரி இருக்கு.

2023 ஜூன் 13. பைலோஸ் ஊருக்கு அங்கிட்டு நடுக்கடல்ல ஆட்ரியானான்னு ஒரு பழைய மீன்பிடிப் படகு. 750 பேரு வரைக்கும் இருந்திருக்கலாம்ன்னு கணக்கு. ஃப்ரான்டெக்ஸ் பிளேன் மேல இருந்து பாத்துச்சு. கிரேக்கத்துக்கும் இத்தாலிக்கும் தகவல் சொல்லுச்சு. எண்ணெய் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ பறந்து வரட்டுமான்னு கிரேக்கத்தக் கேட்டுச்சு. பதில் வரல. அக்கம்பக்கத்துக் கப்பலுக்கெல்லாம் கேக்குற மாதிரி அபாயக் குரல் குடுத்திருக்கலாம், அப்ப ஒடனடி ஆபத்து இல்லன்னு நெனச்சுக் குடுக்கல. மீட்பு நடத்துற அதிகாரம் நாட்டுது, ஃப்ரான்டெக்ஸுது இல்ல. அடுத்த நாள் விடியுறதுக்கு முந்தி படகு கவுந்துச்சு. 104 பேரு பொழச்சாக. ஐரோப்பிய ஒம்புட்ஸ்மேன் அம்மா எமிலி ஓ'ரைலி விசாரிச்சு, இப்ப இருக்குற விதிப்படி நாடு கூப்பிடாம ஃப்ரான்டெக்ஸால பெருசா ஒண்ணும் செய்ய முடியாதுன்னுதான் 2024-ல எழுதுனாக.

ஜூன் 14. நீ அத வாசிக்கையில தேதியக் கவனிச்சியா? மோசல் ஆத்துக் கப்பல்ல கையெழுத்துப் போட்டதும் ஜூன் 14.

கொஞ்சம் தண்ணி எடு.

பரிச்சைக்கு நீ என்னத்தையோ எழுதப் போற. எழுது. ஒன் வாத்தியார் எந்தப் பக்கம்ன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதாத, அது எங்க காலத்துப் புத்தி. இப்ப 10,000 பேர 30,000 ஆக்கணும்ன்னு கமிஷன் தலைவி உர்சுலா ஃபொன் டெர் லையன் 2024-லயே சொல்லிட்டாக, மறுபடி வீட்ட இடிச்சுக் கட்டத்தான் போறாக. நீ கொத்தனாரு வேலைக்கெல்லாம் போக வேண்டாம். அந்தப் பின்பக்கச் சன்னல் மட்டும் எங்க வருதுன்னு பாத்துக்கிட்டே இரு. மகசர் எழுதுறப்ப நான் எப்பவும் கடைசியில இருந்துதான் வாசிப்பேன், சாட்சிக் கையெழுத்து யாரு போட்டிருக்கான்னு பாத்துட்டுத்தான் மேல போவேன். அதே மாதிரி வாசி.

அப்புறம் ஒரு சோலி. லீவு கெடச்சா அந்த ஷெங்கன் ஊருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா. ஒயின் குடிக்கச் சொல்லல, குடிச்சாலும் ஆச்சிகிட்டச் சொல்லாத. ஆத்தங்கரையில நின்னு, யாராவது வயசான ஆளு தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தா அவருகிட்டக் கேளு. ரெண்டு நாட்டுக்கும் பொதுவான தண்ணியில ஒருத்தன் தவறி விழுந்துட்டா, எந்தக் கரையில இருந்து கயிறு வீசுவாகன்னு கேளு. சட்டப் புத்தகத்தப் பாத்துச் சொல்ல வேண்டாம், அவரு பாத்தத மட்டும் சொல்லச் சொல்லு. எனக்கு ஃபோன் போட்டுச் சொல்லு.

அந்தா, ஹாரன் சத்தம். ஏளா, பொட்டலத்தக் கட்டியாச்சா? கருப்பட்டி மிட்டாய அடியில வையி, மேல வச்சா எறும்பு மொய்க்கும். வார்சா எறும்புக்கு இதெல்லாம் பழக்கமிருக்காது.